கேள்வி அக்காவும் ஏழு ஃபியூஸ் கட்டைகளும்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் கேள்வி அக்காவுக்குத்தான் போன் போகும். அவர் எலக்ட்ரீஷியன் இல்லை, எலக்ட்ரீஷியனின் மனைவி. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் போனை எடுக்கிறவர். 'சரி, ஆளை அனுப்பறேன்' என்று சொல்லி வைத்துவிடுகிற ரகம் கிடையாது. எந்த லைட்டு, ஃபேன் ஓடுதா, பக்கத்து வீட்டில் இருக்கா, எத்தனை மணியிலிருந்து, அதற்கு முன்னால் எதையாவது சொருகினீங்களா என்று குடைந்து எடுத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

எனக்கு அவரை ஆகவே ஆகாது. நான் தையல்காரி. நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்தை நாற்பது வார்த்தைக்கு இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஊசி விரலில் ஏறின மாதிரி இருக்கும். ஒரு தடவை என் டியூப்லைட் மினுக்கியது. போன் போட்டேன். "ரெண்டு ஓரமும் கறுத்திருக்கா? நடுவுல சின்னதா உருண்டையா ஒண்ணு இருக்குமே, அதைக் கொஞ்சம் திருகிப் பாரும்மா. வீட்டுல மரக் கட்டில் இருந்தா அதுமேல நின்னுக்கோ. ஸ்விட்சை அணைச்சியா? நிஜமா அணைச்சியா?" என்றார். திருகினேன், எரிந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. கூலி கொடுத்து ஆளைக் கூப்பிட நினைத்தால் என்னையே கட்டில்மேல் ஏற்றிவிட்டாரே என்று.

அவருடைய கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவருக்கு ஸ்விட்சைப் போடவே பயமாம். கணவர் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்து பிரிந்து தனியாகத் தொழில் தொடங்கியபோது, போனை எடுத்து நோட்டில் எழுதுவது மட்டும் இவர் வேலை. 'பச்சை கேட்டு வீடு, லைட் எரியல' என்று எழுதி வைப்பார். கணவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "எந்த லைட்டு எரியல, ஏன் எரியல? இதை வெச்சுகிட்டு நான் என்ன கடையையே தூக்கிட்டுப் போறதா?" என்பார். ரோஷக்காரி. மறுநாளிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். கணவர் திரும்பி வந்ததும், அங்கே என்னதான் கோளாறு என்று அவரையும் குடைவார். இரண்டு வருடத்தில் கேள்வியிலேயே கோளாறைப் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். மிக்ஸி போட்டால் விளக்கு மங்குகிறதா, எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறதா, எர்த் சரியில்லை, யாரும் குளிக்காதீர்கள். மாதம் ஒரு பல்பு போகிறதா, பல்பைத் திட்டாதீர்கள், ஹோல்டரை மாற்றுங்கள். பாதிப் பேருக்குப் போனிலேயே வேலை முடிந்துவிடும். "பொழப்புல மண்ணைப் போடறியே" என்று கணவர் பல்லைக் கடிப்பாராம். இத்தனைக்கும் அக்கா இன்றுவரை ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. கான்ட்ராக்டரிடம் வேலை செய்த நாளில் கணவரின் கூட்டாளி ஒருவர் ஏணிமேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ, கரண்ட் இல்லையே என்று, அணைத்து வைத்திருந்த மெயினைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இவர் கணவருக்கு ஒரு வழக்கம் வந்தது. வேலை செய்யும் வீட்டின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஏணியில் ஏறுவார். கையகலப் பீங்கான் கட்டை அது. அது பையில் இருக்கிறவரை எந்த மகாராஜாவும் கரண்ட் கொடுக்க முடியாது. கட்டையைப் பிடுங்கியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், திரும்ப மாட்டியதும் இன்னொன்று. நடுவில் இருக்கிற நேரத்தில் போன் சத்தமில்லாமல் கருவிப் பையில் கிடக்கும்; ஒருமுறை அது அலறி, இவர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க அக்கா உட்கார மாட்டார், சாப்பிட மாட்டார். நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு இரண்டாக எட்டு வீடு. நான் உச்சியில், ஏழாம் எண். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது சீருடை கொடுத்தாக வேண்டும். மோட்டார் வைத்த மெஷின் ஓடிக்கொண்டிருக்க, ரேடியோ பாடிக்கொண்டிருக்க, இரண்டும் ஒன்றாக நின்றன. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து பத்து. வந்துவிடும் என்று பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. பக்கத்து எட்டாம் எண் வீட்டில் மட்டும் ஃபேன் சத்தம் கேட்டது. எரிச்சலோடு அக்காவுக்குப் போட்டேன்.

"என்ன ஆச்சு? நிதானமா சொல்லும்மா."

"கரண்ட் போச்சு. ஆளை அனுப்புங்க."

"பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஃபியூஸா இருக்கும். கீழ மீட்டர் போர்டு வரைக்கும் போய்ப் பாரேன். எதையும் தொட வேணாம், பார்த்துச் சொல்லு, போதும்."

மூன்று மாடி இறங்கினேன். கையில் பாதி தைத்த பாவாடையும் கத்தரிக்கோலும். இறங்கும்போது அந்த அம்மாளை நான் திட்டிய திட்டை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். மாடிப்படிக்கு அடியில் எட்டு மீட்டர், எட்டு ஃபியூஸ், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் சீட்டு. ஒரு இடத்தில் மட்டும் கட்டை இல்லை, பொக்கைப் பல் மாதிரி இருந்தது.

"ஒரு கட்டையைக் காணோம் அக்கா. எவனோ திருடிட்டான்."

"உன் வீட்டு எண்ணு என்ன?"

"ஏழு."

"காணாமப் போன இடத்துல என்ன எண்ணு போட்டிருக்கு?"

"மூணு."

போனில் நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஏழுன்னு போட்ட இடத்துல கட்டை இருக்கா?"

"இருக்கே. அதான் எனக்கும் புரியல."

"உனக்குக் கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சு? சரியா சொல்லு."

"பத்து பத்துக்கு."

அப்புறம் வந்த குரல் அதே அக்காவின் குரல்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அவர் உங்க கட்டடத்துலதான் இருக்காரும்மா. மூணாம் நம்பர் காலி வீட்டுல. பத்து பத்துக்குத்தான் எனக்கு மிஸ்டு கால் வந்துச்சு. மூணுன்னு போட்டதைப் பார்த்துப் பிடுங்கியிருக்காரு. ஆனா அது உன் வீட்டுக் கட்டை. அவர் நிக்கிற வீட்டுல கரண்ட் இருக்கு. அவருக்கு அது தெரியாது."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. "டெஸ்டர் வெச்சுப் பார்த்திருப்பாரே?" என்றேன்.

"அந்த வீட்டுக் கோளாறே அதுதான். கதவை அறைஞ்சா லைட்டு போகும், திரும்ப அறைஞ்சா வரும்னு முன்னாடி குடியிருந்தவங்க சொன்னாங்க. உள்ள எங்கயோ ஒயர் விட்டு விட்டு ஒட்டுது. அவர் டெஸ்டர் வெச்ச நேரம் விட்டிருந்தா எரிஞ்சிருக்காது. காலி வீடு, பல்பும் இல்ல, ஃபேனும் இல்ல, காட்டிக்கொடுக்க ஒண்ணும் இல்ல. ஒயரை இழுத்தாருன்னா ஒட்டிக்கும்."

அப்போதுதான் அந்தச் சீட்டுகளை நன்றாகப் பார்த்தேன். இடமிருந்து வலம் ஒன்று முதல் எட்டு வரை, பசை காய்ந்து, அழகாக வரிசையாக இருந்தன. போன மாதம் படிக்கட்டுக்கு வெள்ளையடித்த பெயிண்டர் சீட்டுகளைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "எது எங்க இருந்துச்சுன்னு மறந்துட்டேம்மா" என்று நின்றார். அவசரமாக இறங்கிக்கொண்டிருந்த நான், "அதுல என்ன இருக்கு, ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா ஒட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒயர் போட்டவர்கள் வரிசையாகப் போட்டிருப்பார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னேன்.

"அக்கா, நான் மேல போய்க் கதவைத் தட்டறேன்."

"வேணாம்! கையில ஒயரோட ஏணிமேல இருப்பாரு. திடுக்கிட்டு எதைப் பிடிப்பாரோ. முதல்ல கரண்டை நிறுத்தணும். மெயின் எங்க?"

"இரும்புப் பெட்டியில. பூட்டு. சாவியை வீட்டுக்காரர் எங்கயோ தொலைச்சுட்டாரு."

"சாவி தேடற நேரமில்ல. மூணாம் வீட்டுக் கட்டை எதுன்னு நமக்குத் தெரியாது. எல்லாத்தையும் பிடுங்கு."

"நானா?"

"வேற யாரு இருக்கா அங்க?"

ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியில் ஷாக் அடித்து நான் சுவரோரம் போய் விழுந்தவள். இன்றைக்கும் பிளக்கைச் சொருகும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் மேலே, ஒரு மாடி உயரத்தில், என் வாய்க்கொழுப்புக்கு ஒரு மனிதர் சாகப் போகிறார். போனைச் சத்தமாக வைத்து ஒரு மீட்டரின் மேல் நிறுத்தினேன்.

"கால்ல செருப்பு இருக்கா?" அக்கா கேட்டார்.

"இருக்கு."

"கை ஈரமா?"

"வேர்த்திருக்கு."

"துடை. கையில வேற என்ன இருக்கு?"

"கத்தரிக்கோல்."

"ஐயோ, தூரப் போடு அதை! இடது கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கோ. வலது கையால பீங்கானை மட்டும் பிடி. நேரா உன்னைப் பார்த்து இழு. சின்னதா ஒரு பொறி வரும். வந்தா வரட்டும், பாதியில விட்டுடாத."

முதல் கட்டையை இழுத்தேன். பொறி வந்தது. நான் கத்திய கத்தலில் தெருநாய் குரைத்தது. "வந்துடுச்சா? அடுத்தது," என்றார் அக்கா. இரண்டாவது. மூன்றாவது. பிடுங்கியதையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டேன். மேலே ஒரு வீட்டில் மிக்ஸி பாதியில் முனகி நின்றது. நான்காவதுக்குக் கை வைத்தபோது ஒன்றாம் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ரிமோட்டோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எடுத்ததை மாட்டு!"

"மேல ஆள் வேலை செய்யறாரு. கரண்ட் நிக்கலன்னா செத்துடுவாரு."

"அதுக்கு எல்லார் வீட்டையும் எதுக்குப் பிடுங்கற? கொடு இப்படி!" என்று என் மடிக்குக் கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா இதாலயே மண்டையை உடைப்பேன்," என்று ஒரு கட்டையை ஓங்கினேன். அந்த ஆளிடம் பத்து வருடமாகக் குரலை உயர்த்தியதில்லை. மனிதர் ரிமோட்டோடு பின்வாங்கினார்.

ஐந்து, ஆறு வந்துவிட்டன. கடைசிக் கட்டை வரவில்லை. பெயிண்ட் வழிந்து இறுகிப் போயிருந்தது. இழுத்தேன், அசைத்தேன், அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

"வரலக்கா, ஒட்டிக்கிச்சு."

"வரும். மேலயும் கீழயும் ஆட்டு. வரும்மா. வந்துதான் ஆகணும்." அந்த 'ஆகணும்' உடைந்து வந்தது. ஊர்க் கோளாறையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்த்தவர், இப்போது கெஞ்சுகிறார். நான் எதிரில் நிற்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை.

பாவாடைத் துணியை நாலாக மடித்துக் கட்டையைச் சுற்றிப் பிடித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கிணற்றில் விழுந்த பிள்ளையைப் பிடித்து இழுப்பது போல் இழுத்தேன். கட்டையும் நானும் ஒன்றாகத் தரையில் விழுந்தோம்.

"ஏழும் வந்துடுச்சு!"

"இப்ப ஓடு. போய்க் கதவைத் தட்டு."

போனையும் எடுத்துக்கொண்டு, மடியில் ஏழு கட்டையோடு ஓடினேன். மூன்றாம் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். பதில் இல்லை. அறைந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"திறந்தாரா?" என்றது போன்.

"இன்னும் இல்ல."

"தட்டு."

இரண்டு கையாலும் தட்டினேன். காலால் உதைத்தேன். மேல்வீட்டுக்காரர்கள் படியில் எட்டிப் பார்த்தார்கள். நேரம் கடந்துவிட்டது, கட்டையைப் பிடுங்கும் முன்பே முடிந்துவிட்டது, அந்தக் கடைசிக் கட்டைதான் கழுத்தை அறுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அக்காவும் 'திறந்தாரா' என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

தாழ்ப்பாள் விலகியது.

தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், காதில் பஞ்சு, உதட்டில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். "யாரும்மா அது கதவை உடைக்கறது? ஏணியிலேர்ந்து இறங்க வேணாமா?" என்றார்.

போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். "என்னடி?" என்றார் அவர் போனில். ஒரு தேம்பல் கேட்டது, பிறகு லைன் துண்டித்தது.

விஷயத்தைச் சொன்னால் நம்பினாரா? இல்லை. "முப்பது வருஷமா கட்டையைப் பிடுங்கறவன் நான்" என்று பையைத் தட்டிக் காட்டினார். வீட்டுக்காரரோடு சேர்ந்துகொண்டு என்னை ஒரு பிடி பிடித்தார். கால் மணி நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் கிள்ளினால் சதை வராத ஒல்லி உருவம். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் வேறு யாருடையதோ. அந்தக் குரலுக்கு நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் இதைப் போல் இரண்டு மடங்கு.

கணவர் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் இங்க வந்த? வீட்டுல போனை யாரு எடுக்கறது?"

அக்கா அவரை மீட்டர் போர்டின் முன்னால் இழுத்துக்கொண்டு போனார். "பையில இருக்கறதை மூணுன்னு போட்ட இடத்துல மாட்டுங்க," என்றார். மாட்டினார். உச்சியிலிருந்து என் ரேடியோ பாடியது. கணவரின் முகம் மாறியது. எல்லாருக்கும் முன்னால் அதை மறைக்கத் தெரியாமல் அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மற்ற கட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, எந்த வீட்டில் விளக்கு வருகிறது என்று பார்த்தார். மற்ற எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு கையில் ஒன்று மிஞ்சியது. பெயிண்டில் ஒட்டியிருந்த அந்தக் கடைசிக் கட்டை. அதையும் மாட்டிவிட்டு மூன்றாம் வீட்டுக்கு ஏறினார். நானும் அக்காவும் பின்னால் போனோம். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு ஒயர், அதுதான் அவருடைய சோதனை விளக்கு. ஏணியில் ஏறி, கூரைப் பெட்டியிலிருந்து தொங்கிய ஒயரில் வைத்தார். எரியவில்லை. "பார்த்தியா" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டிக்கு வெளியே, மேலுறை உள்ள இடத்தில் ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி இழுத்தார், எரிந்தது.

"நீங்க கதவைத் தட்டினப்ப," என்றார் என்னிடம், பல்பைப் பார்த்துக்கொண்டே, "இதைத்தான் பல்லால கடிச்சு உரிச்சுகிட்டு இருந்தேன்."

கீழே இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அக்கா அழ ஆரம்பித்தார். "அதான் ஒண்ணும் ஆகலையே," என்றார் அவர்.

"உங்களுக்கு ஆகல," என்றார் அக்கா.

வீட்டுக்காரரும் இரண்டு மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். "எந்தப் புண்ணியவான் அந்தச் சீட்டை மாத்தி ஒட்டினது?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். "வேற யாரு, அந்த பெயிண்டர்தான்" என்றார் வீட்டுக்காரர். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எதிரில் இல்லாத ஆள்மேல் பழி எவ்வளவு லகுவாகப் போய் உட்காருகிறது. நானும் ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அக்கா என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. "நீ மட்டும் இல்லன்னா இன்னைக்கு என் குடும்பமே இல்லம்மா. பயத்தோட பயமா ஏழையும் பிடுங்கினியே. உன்னை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

எவ்வளவு வாய் பேசுகிறவளாக இருந்தாலும் எனக்கு அதைத் தாங்குகிற திராணி இல்லை.

"அக்கா, அந்த பெயிண்டர் என்கிட்ட வந்து கேட்டாரு. எது எங்கன்னு தெரியலன்னு. வரிசையா ஒட்டுன்னு நான்தான் சொன்னேன்."

கண்ணுக்குப் பக்கத்தில் போன என் கை அங்கேயே நின்றது. பிறகு அதை விட்டுவிட்டார். வாசலில் யாரோ 'ஆ' என்றார்கள். அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒட்டச் சொன்னவளும் நீ, பிடுங்கினவளும் நீ," என்றார். "உன்னை நான் கும்பிடறதா, அறையறதா? நீயே சொல்லு."

அவர் கை கிடைக்கவில்லை. அவருடைய முந்தானை நுனி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதை என்னிடமிருந்து இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை.